வெள்ளவத்தையில் வாயுச் சோதனை

வாயுக்களை இனங்காணப் படிப்பிக்க ஒரு தீக்குச்சியும் இரண்டு லிட்மஸ் தாளும் ஒரு மூக்கும் போதும் என்பார்கள். யுத்தக் காலத்துக் கொழும்பில் என்னைப்போல் பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சைக்குக் கெமிஸ்ட்ரி ரியூசன் நடத்திய தமிழ் வாத்திமாருக்கு அது எவ்வளவு போதாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐதரசன்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் வகுப்பு. கீழே வீட்டுக்கார அன்ரி. சிங்க் எனும் நாகத்துண்டில் அமிலம் விட்டு, குழாய் வாயில் எரியும் குச்சியைப் பிடித்தால் 'பொப்' என்று வெடிக்கும். ஐதரசனுக்கு அதுதான் அடையாளம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று நாலைந்து தரம் வெடிக்க வைத்தேன்.

அன்ரி படியேறி வந்தா. துவக்குச் சூடென்று நினைத்து வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தா. முந்தின வாரம்தான் ஆமியின் சுற்றிவளைப்பில் அவவின் மகனைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை. அவ கோபிக்கவும் இல்லை.

"தம்பி, பாடத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. சத்தமில்லாத வாயு ஏதும் இருந்தால் அதைப் படிப்பியுங்கோ."

அமோனியா

சத்தமில்லாததாகப் பார்த்து அமோனியாவை எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் இன்னொரு வகுப்பு முடிந்து, அமோனியாப் போத்தல் போட்ட பையோடு பஸ்ஸில் வருகிறேன். செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு இளம் ஆமிக்காரர், நான் வாய் திறக்குமுன் மூடியைக் கழற்றி மணந்துவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. இன்றோடு சரி என்று நினைத்தேன். குறிப்புக் கொப்பியையும் லிட்மஸ் தாள்களையும் நீட்டி, தெரிந்த சிங்களத்தில் ஏதோ உளறினேன்.

அவர் கண்ணைத் துடைத்தார். சிவப்புத் தாளொன்றை எடுத்து, நாக்கில் நனைத்து, போத்தல் வாயில் பிடித்தார். தாள் நீலமானது. முகத்தில் ஒரு சிரிப்பு. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர் என்றாவது நான் கேட்டிருக்கலாம். நான் போத்தலைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சிவப்பு நீலமாகும்தானே என்று அவர் சிங்களத்தில் கேட்டதற்கு ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

"ரத்து லிட்மஸ் நில் வெனவா, நேத சேர்?"

ஐதரசன் சல்பைட்டு

அதற்குப் பிறகு நான் ஒன்றையும் பையில் காவவில்லை. வாயுக்கள் எல்லாம் கரும்பலகையில்தான். 'ஐதரசன் சல்பைட்டு: கூழ்முட்டை மணம், ஈய அசற்றேற்றுத் தாளைக் கறுக்கப்பண்ணும்' என்று எழுதிப்போட்டேன்.

தர்சினி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, லொட்ஜில் தங்கிப் படித்த பிள்ளை. என் குறிப்பு முழுக்க அவளுக்கு மனப்பாடம். செய்முறைப் பரீட்சையில் அந்த வாயுதான் வந்தது. மணந்து பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், பெயர் மட்டும் பிடிபடவில்லை. பெயர் தெரியாதவளுக்கு எந்தத் தாளை எடுப்பதென்றும் தெரியவில்லை. கந்தகவீரொட்சைட்டு என்று வேறொரு வாயுவின் பெயரை எழுதிவிட்டு வந்தாள். செய்முறையில் சித்தியில்லை, அந்த வருஷம் கம்பஸும் இல்லை.

முடிவு வந்தபின் என்னைக் காண வந்தபோது, ஏசுவாள் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சேர், நாங்கள் சைவம். எங்கட வீட்டில முட்டையே வாங்கிறேல்லை. கூழ்முட்டை எப்பிடி மணக்குமெண்டு நீங்கள் சொல்லித்தரேல்லை."

ஒரு கூழ்முட்டையைப் பையில் கொண்டுபோயிருந்தால் எந்தச் செக்பொயின்டிலும் என்னை மறித்து வைத்திருக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் கெமிஸ்ட்ரி படிப்பித்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை.