லொரைன் அடித்த மணி

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் இடைவேளை மணி அடிக்கும்வரை எவனும் நிமிர மாட்டான். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஹில்ஸ்டன் பக்கம் அதுதான் சட்டம். என் அக்கா லொரைன் இந்தச் சட்டத்துக்குத் தன் வலக்கையைக் கொடுத்தவள்.

இருபத்து நாலு வயதில் என் பக்கத்தில் நின்று கத்தரித்தாள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம். தலை பிளக்கிறது, கண் மங்குகிறது, ஆனாலும் மணி அடிக்கட்டும் என்று குனிந்தே இருந்தாள். மணி அடித்தபோது அவளால் எழ முடியவில்லை. மூளையில் ரத்தம் உறைந்து பக்கவாதம்.

அப்பா வழியில் வந்த கோளாறு என்றார்கள் ஆஸ்பத்திரியில். எங்கள் ரத்தம் சுலபத்தில் உறைந்துவிடுமாம். மாத்திரையோ கர்ப்பமோ சேர்ந்தால் பெண்களுக்கு ஆபத்து கூடுமாம். அப்பாவுக்குக் கால் வீங்கியபோதெல்லாம் கடா உதைத்தது என்றே நாங்கள் சொல்லி வந்தோம்.

வலக்கை திரும்பி வரவில்லை. லொரைன் இடக்கையால் ரோமத்தைத் தடவித் தரம் பிரிக்கக் கற்றாள். இன்று அவள் பிரித்த மூட்டைக்கு எந்த வியாபாரியிடமும் மறுபேச்சு கிடையாது.

போன வசந்தத்தில் என் மகள் பிரைடி அவளுடைய தரம் பிரிக்கும் மேசையில் வேலை செய்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். ரத்தச் சோதனை செய்துகொள் என்று லொரைன் நச்சரித்தும், "பாக்கலாம் அத்தை" என்றே தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை லொரைன் கேட்டாள்: "ஏண்டி, கண்ணக் கசக்கிட்டே இருக்க?"

"ரெண்டு நாளா தலவலி அத்தை. இப்ப கண்ணு மங்குது. டீக்கு மணி அடிக்கட்டும், உக்காந்துக்கறேன்."

லொரைன் நேரே போய் மணிக்கயிற்றை இழுத்தாள். கத்தரி இயந்திரங்கள் எல்லாம் நின்றன.

எங்களில் வேகக்காரன் டார்சி கத்தினான்: "பாதி ஆடு கையில இருக்கு! கடிகாரம் பாக்கத் தெரியாதா உனக்கு?"

"கத்தரிச்ச பாதிக்கு உன் சட்டையக் கழட்டிப் போடு, குளிராது" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "டேய் கிளென், வண்டிய எடு. என் முட்டாள்தனம் என்னோட போகட்டும்."

பிரைடியின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. முளையிலேயே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். பிரசவம்வரை, அதற்குப் பின்னும், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஊசி. ஒரு நாளும் தவறவிடாமல் பக்கத்தில் நின்றவள் லொரைன். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். என்ன தொண்டை அவளுக்கு!

இப்போது எங்கள் கொட்டகையில் இன்னொரு சட்டமும் உண்டு. லொரைன் எந்த நேரத்தில் மணி அடித்தாலும் கத்தரி நிற்கும். அதைப் போட்டவன் டார்சி.