கயிறு கட்டி ஓட்டிப் பார்த்த கியர்பாக்ஸ்

எங்கள் குப்பத்தில் கார் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. கிளட்ச் மிதி இல்லாத கார் வைத்திருப்பவர் நீலமேகம் ஒருவர்தான். கரையேற்றும்போது அலையில் புரண்ட படகு அவருடைய இடது காலை நசுக்கிவிட்டது. அதன் பிறகு அந்தக் கால் பேருக்குத்தான் இருந்தது. இனி இந்த ஆள் வீட்டோடுதான் என்று ஊர் முடிவு கட்டியபோது, அவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதை ஓட்ட வலது கால் ஒன்றே போதும். பையன்கள் அதற்கு 'ஒத்தக்கால் கார்' என்று பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் மனைவி கீதாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. டயாலிசிஸுக்குப் பொன்னேரிக்குப் போய்வர வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது அந்த அம்மாவுக்குத் தலை நிற்காது, குமட்டும், யார் தோளிலாவது சாய வேண்டும். நீலமேகம் முன் சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்கவைத்து, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டி வருவார். "கடல்ல எனுக்கு வேல பூட்ச்சி. இந்த வேல கீது" என்பார். உள்ளதைச் சொல்கிறேன், கால் போன பிறகு அந்த மனிதர் முகத்தில் களை வந்தது இந்த ஒரு வேலையால்தான்.

அந்தக் காரின் கியர்பாக்ஸ்தான் ஒருநாள் உதைக்க ஆரம்பித்தது. பொன்னேரியில் காட்டியதற்கு, இதையெல்லாம் சென்னையில்தான் பிரிப்பார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"சென்னை எதுக்கு மாமா? நான் செத்துட்டனா?" என்று வந்து நின்றான் தேவேந்திரன்.

தேவேந்திரன் கீதாவின் தம்பி. படகு இன்ஜின் மெக்கானிக். அதில் அவன் கெட்டிக்காரன், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கீதாவுக்குச் சிறுநீரகம் தரப் போகிறவனும் அவன்தான். டாக்டர் பேசி முடிக்கும் முன்பே சட்டையைத் தூக்கி, "எந்தப் பக்கத்துது வோணும் சார்?" என்று கேட்டவன். அப்படிப்பட்டவன் கியரைத் தா, பிரிக்கிறேன் என்றால், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

பிரித்தான். தார்ப்பாய் விரித்து, அக்குவேறு ஆணிவேறாகப் பரப்பிவைத்து, தேய்ந்த கிளட்ச் தட்டுகளை எல்லாம் மாற்றினான். சோறு தண்ணீர் மறந்து வேலை பார்த்தான். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது என்று பிற்பாடு வேலை தெரிந்தவர்களே சொன்னார்கள்.

கெட்டது அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கத்தில் படகு இன்ஜினைப் பிரித்துக் கோத்தால், படகைக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, கியரைப் போட்டு முழு வேகத்தில் முறுக்கிப் பார்ப்பது வழக்கம். கட்டிய கட்டிலேயே நின்று தண்ணீரைக் கிழித்தால்தான் இன்ஜின் தேறியதாக அர்த்தம். நடுக்கடலில் போய் நிற்பதைவிடக் கரையில் தெரிந்துகொள்வது மேல் அல்லவா? தேவேந்திரன் காருக்கும் அதையே செய்தான். வலை காயவைக்கும் சிமெண்ட் தளத்தில் நிறுத்தி, பின்பக்கத்தை இரும்புக் கம்பத்தோடு வடக்கயிற்றால் கட்டி, மாமனை உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரைக் காட்டி, "மெறி மாமா, நல்லா மெறி!" என்றான். கார் முன்னே போக முண்டியது, கயிறு விடவில்லை. இன்ஜின் அலறியது. கருகிய வாடை கிளம்பியதும் நீலமேகம் காலை எடுக்கப் பார்த்தார். "புது தட்டு மாமா, அப்டிதான் நாறும்" என்றான். ஊரே கைதட்டியது.

கீதாவை அழைத்துக்கொண்டு முதல் தடவை பொன்னேரி போனபோதே பாதி வழியில் விஷயம் வெளுத்துவிட்டது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஓரங்கட்டி, சூடு ஆறிய பிறகு நகர்ந்தது. பொன்னேரியில் ஒரு மெக்கானிக் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கயிற்றுக் கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "படகுன்னா சுத்துற சூட்ட தண்ணி வாங்கிக்கும். இத கட்டிப்போட்டு மிதிச்சா எல்லா சூடும் உள்ளயே தாங்க நிக்கும். கருகிப் போச்சு. வேற கியர் பெட்டிதான் போடணும்" என்றார்.

வழியெல்லாம் கீதா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "அவன்கிட்ட சொல்லிடாத. மனசு வுட்ருவான். ஒடம்ப அறுத்துக் குடுக்கப் போற புள்ள."

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீலமேகம் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தார். தேவேந்திரன் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

"இன்னா மாமா, கியர் எப்டி கீது?"

"சூப்பரா ஓடுது மச்சான்."

இப்படிச் சொல்லிவிட்டு, வழியில் நின்று நின்று, மயங்கிக் கிடக்கும் மனைவிக்கு விசிறிக்கொண்டே வண்டி ஆறக் காத்திருப்பார். வேறு என்ன செய்வார்?

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்கும் தம்பிக்கும் கடைசிப் பரிசோதனை என்று நாள் குறித்தார்கள். அக்கம்பக்கத்தில் வாடகை வண்டி ஒன்றைச் சொல்லிவைத்திருந்தார் நீலமேகம். தேவேந்திரன் விடவில்லை. "சூப்பரா ஓடுதுன்ற, அப்பறம் இன்னாத்துக்கு வாடக வண்டி?" என்று சொல்லி, தானே அந்த வண்டியை அனுப்பியும் விட்டான். இனி எதைச் சொல்லித் தடுப்பது? மூவரும் ஏறினார்கள்.

காட்டூருக்குப் பிரியும் ரோடு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பகல் வெயில். தேவேந்திரன் குதித்து இறங்கி, அடியில் படுத்துப் பார்த்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தான். மெக்கானிக் அல்லவா, மூக்கு பொய் சொல்லவில்லை.

"இது இன்னைக்கு கருகுனது இல்ல மாமா."

நீலமேகம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கயித்துலயா?"

"வுடு மச்சான்."

"தெரிஞ்சேதான் ஓட்டினு கெடந்தியா? அக்காவ வச்சினு?"

பின் சீட்டில் கீதா அழ ஆரம்பித்தாள். தேவேந்திரன் ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்தான். அப்படி ஒடுங்கிப்போய் அவனை யாரும் பார்த்ததில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மாமனை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"நான் குடுக்கறது அக்காவுக்குள்ள போயி ஓடுமா மாமா?"

நீலமேகத்துக்கு இறங்கிப் போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஊன்றுகோல் டிக்கியில் கிடந்தது. இருந்த இடத்திலிருந்தே, இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

"சூப்பரா ஓடும்டா மச்சான்."

தேவேந்திரன் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"கியருக்கும் இதத்தான மாமா சொன்ன?"

நீலமேகம் இனி சத்தியமே செய்தாலும் அவன் நம்பப் போவதில்லை. தூரத்தில் பொன்னேரிக்குப் போகும் பஸ் வந்துகொண்டிருந்தது. கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே கதவைத் திறந்து இறங்கி, தம்பியின் கையைப் பிடித்து எழுப்பினாள்.