நிவேதனா விற்ற செயலி

ஒரு கையில் மாமனாரின் கால் பெருவிரலும் மறு கையில் நகவெட்டியுமாக நிவேதனா குந்தியிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. சர்க்கரை வருத்தக்காரரின் நகத்தை நேராகத்தான் வெட்டவேண்டும். ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளர்ந்து புண்ணாகிவிடும். அதனால் காலை விடாமல், தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

“‘துணை’ எண்டு ஒரு செயலி செய்து வித்தது நீங்களோ?” ஒரு பெண் குரல்.

“ஓம்.” புதிதாக வாங்க வருகிறவர் என்று நினைத்துச் சந்தோசமாகவே சொன்னாள்.

“நான் யாழ்ப்பாணத்திலை பொலிஸிலையிருந்து கதைக்கிறன். உங்கடை செயலியாலை ஒரு முறைப்பாடு வந்திருக்கு. நாளைக்குக் காலமை வந்து வாக்குமூலம் தாங்கோ.”

நிவேதனா தொலைபேசியைக் கீழே வைத்தாள். மாமனார் செல்வநாயகம் குனிந்து பார்த்தார்.

“ஆர் பிள்ளை?”

“பொலிஸ், மாமா.”

“என்னையோ தேடினம்?”

“இல்லை, என்னை.”

“நீ வீட்டிலை இல்லையெண்டு நான் சொல்லிவிடுறன்,” என்று சொல்லி அவர் மற்றக் காலை நீட்டினார்.

நிவேதனா கணினி படித்தவள். மாமனாருக்கு மறதி வருத்தம் வந்த பிறகு வேலையை விட்டு, நெல்லியடி வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் எப்போதோ பூட்டப்பட்ட தன் கடையைத் திறக்கப்போவதாகச் சொல்லி அடிக்கடி வெளிக்கிட்டுவிடுவார். ஒருமுறை தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகே ‘துணை’யை எழுதினாள். அவர் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி எங்கே நிற்கிறது என்று அது காட்டும். வரைபடம் தெரு மாறி, பக்கத்து ஒழுங்கையைக் காட்டுவதுண்டு. ஆகவே சுற்றிலும் கேட்கும் சத்தத்தையும் அனுப்பும்படி செய்தாள். சந்தை இரைச்சலா, கோயில் மணியா என்று கேட்டால் இடம் பிடிபடும். திரையில் கண்டதையெல்லாம் அமத்தி அழித்துவிடுகிற ஆள் அவர். செயலியின் படம் திரையில் தெரியாதபடி ஒளித்தாள். அதற்குப் பிறகு அவர் அதை அழிக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் சுன்னாகத்தில் தனியே இருக்கும் தாய்க்கென்று கேட்டார். அவர் சொல்லி இன்னொருவர் கேட்டார். பிறகு வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச்சங்கத்தின் வாட்சப் குழுவில் விளம்பரமே போட்டாள். வாங்குகிறவர்களிடம் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேட்டாள்: “நீங்கள் ஆற்றை மகன், எந்த ஒழுங்கை?” தகப்பன் பெயரும் ஒழுங்கையும் சரிவந்தால் கொடுத்துவிடுவாள். ஊர் தெரியாதவனுக்குக் கொடுப்பதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அழைப்பு வந்த அன்று மத்தியானமே, மாமனாரைப் பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியிடம் விட்டுவிட்டுச் சட்டத்தரணி யாகோப்புவிடம் போனாள். அவள் முன்பே அழைத்துச் சொல்லியிருந்ததால் அவர் பொலிசோடு கதைத்து விசயத்தை அறிந்து வைத்திருந்தார். கொழும்புத்துறைப் பெண் பிரியந்தினிக்கு லண்டனில் இருக்கும் ஒருவனைக் கலியாணம் பேசியிருந்தார்கள். அவன் அவளுக்குப் புதுத் தொலைபேசி ஒன்று அனுப்பினான். இந்தச் சம்பந்தம் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் குசினியில் சமைத்தபடி சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறாள். பின்னேரம் அவன் அழைத்து அதே வசனங்களை அவளுக்கே திருப்பிச் சொன்னான். தொலைபேசியைக் கடையில் கொடுத்துச் சோதித்தபோது உள்ளே ‘துணை’ இருந்தது.

“நான் அந்தப் பிள்ளையைக் கண்டதேயில்லை ஐயா. கேட்டது அவன். என்ரை காதிலை ஒண்டும் விழேல்லை.”

“கேட்டவன்ரை குற்றம் வேறை. உப்பிடியான சாமானைச் செய்தவையையும் வித்தவையையும் சட்டம் விடாது. ஆனா என்ன நோக்கத்தோடை எண்டு பாக்கும். ஏன் பிள்ளை அதை ஒளிச்சனீர்?”

“மாமா அழிச்சுப்போடுவார்.”

“அது உம்மடை வீட்டிலை. ‘போன் வைச்சிருக்கிறவருக்கே தெரியாது’ எண்டு விளம்பரத்திலை போட்டிருக்கிறீர். அது ஆருக்குச் சொன்னது?”

அந்த விளம்பரத்தை எழுதும்போது நிவேதனா யாரை நினைத்தாள்? தாய்மாரை வைத்திருக்கும் பிள்ளைகளைத்தான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

“அவனிட்டை ஒண்டும் விசாரிக்கேல்லையோ?”

“விசாரிச்சனான். ஆற்றை மகன் எண்டு கேட்டனான். நல்ல குடும்பம்.”

“ஆற்றை போனுக்கு எண்டு?”

“அதைக் கேக்கேல்லை.”

“கலியாணத்துக்கு விசாரிக்கிறமாதிரி விசாரிச்சிருக்கிறீர்,” என்றார் யாகோப்பு. சிரிக்கவில்லை.

“அப்ப நான் குற்றவாளியோ?”

“எனக்கே தெரியேல்லை. சாட்சியாயும் எடுப்பினம், சந்தேகநபராயும் எடுப்பினம். ஒண்டையும் அழிக்காதேயும். அழிச்சா அது இன்னொரு குற்றம்.”

வீட்டுக்கு வந்தால் புருசன் சுபாங்கன் மறுவளமாக நின்றான். “எல்லாத்தையும் அழிச்சுப்போடும். இல்லாத சாமானை வைச்சு என்ன வழக்குப் போடுவினம்?”

“அழிச்சா இன்னொரு குற்றமாம்.”

“உம்மை உள்ளை போட்டா அப்பாவை ஆர் பாக்கிறது? நானோ? என்னைக் கண்டாலே ஆரெண்டு கேக்கிறார்.”

“என்னையும்தான் கேக்கிறார்.”

அவளுக்கு எல்லாமே குழம்பிக் கிடந்தது. விற்ற செயலிகள் அனைத்தையும் இங்கிருந்தபடியே நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் சுன்னாகத்துத் தாய் தொலைந்துபோனால் யார் பொறுப்பு? நிறுத்துவதும் சொல்லாமல் பிறரின் தொலைபேசிக்குள் மறுபடி கைவைக்கிற வேலைதானே. இடம் காட்டுவது சரி, ஒலி பிழை என்று பிரித்துப் பார்த்தாள். அந்த ஒலியில் கேட்ட கோயில் மணியை வைத்துத்தான் போன மாதம் மாமாவைக் கண்டுபிடித்தார்கள். ஒளித்ததுதான் பிழை என்று நினைத்தாள். ஒளிக்காவிட்டால் அவர் அன்றைக்கே அழித்திருப்பார். ஒரே சாமான் இந்த வீட்டில் மருந்தாகவும் அந்த வீட்டில் நஞ்சாகவும் இருந்தது. தான் விற்றது எதை என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை மாமனாருக்கு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் தீத்தி, மாத்திரை கொடுத்து, பாலேஸ்வரியைக் கூப்பிட்டு இருத்தினாள். வாட்சப் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: விற்பனை நிறுத்தம், வாங்கினவர்கள் தொலைபேசிக்குரியவரிடம் இன்றைக்கே விசயத்தைச் சொல்லுங்கள், அவர் சம்மதிக்காவிட்டால் செயலியைக் கழற்றுங்கள். மடிக்கணினியை, அதில் ஒன்றையும் அழிக்காமல், பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பொலிஸ் நிலையத்தில் யாகோப்பு காத்திருந்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்,” என்றார். முந்தைய நாள் கதைத்த அந்தப் பெண் உத்தியோகத்தர் தமிழிலேயே எழுதினார். ஏன் ஒளித்தீர்கள் என்ற கேள்வி வந்தது.

“மாமாவுக்காக ஒளிச்சனான்,” என்றாள் நிவேதனா. உத்தியோகத்தர் எழுதி முடிக்கும்வரை பொறுத்தாள். “விக்கத் தொடங்கினாப் பிறகு, ஒளிஞ்சிருக்கிறதுதான் சனத்துக்குப் பிடிச்சது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விளம்பரத்திலை போட்டனான். அதையும் எழுதுங்கோ.”

யாகோப்பு செருமினார். உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

“அதையுமோ?”

“ஓம். ஆனா இப்பிடி ஒரு பிள்ளையின்ரை போனிலை வைப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை. அதுவும் உண்மைதான்.”

இரண்டும் எழுதப்பட்டன. நான் சாட்சியோ சந்தேகநபரோ என்று கேட்டாள். மேலிடத்தில் பார்த்துச் சொல்வார்கள் என்றார் உத்தியோகத்தர். நிவேதனா ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துக் கையொப்பம் வைத்தாள். மடிக்கணினியைக் கொடுத்து, அதற்கான பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.