கோல்டு வாரத்தில் ஒரு லீவு மனு

சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது எங்கள் ஹெட்கிளார்க்கைப் பிடித்திருந்த வியாதி இங்கிலீஷ் மரபுத்தொடர். வாரத்துக்கு ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு, அதை வைத்து வெள்ளைக்காரன் கட்டிய தொடர்களையெல்லாம் நோட்டில் எழுதி மென்றுகொண்டிருப்பார். அந்த வாரம் 'கோல்டு', அதாவது குளிர்ந்த. 'கோல்டு ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது, 'கோல்டு ஷோல்டர்' என்றால் முகம் கொடுக்காமல் ஒதுக்குவது என்று எங்களை ஒப்பிக்க வைப்பார். துரைக்குப் போகும் மனுவில் இப்படி ஒன்றாவது இல்லாவிட்டால் மேலே அனுப்பமாட்டார். வேட்டியை ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுஷன்.

செவ்வாய்க்கிழமை ஓமலூர்ப் பக்கம் தண்டவாள வேலை செய்த கேங்மேன் ஒருவர் வந்தார்.

"ஆத்தாளுக்கு முடியலைங்க சாமி. மூணு நாள் லீவு போதுங்க. ஊருக்குப் போயி மொகத்தைப் பாத்துட்டு வந்தர்றனுங்க."

சொல்லாமல் போனால் வேலை போய்விடும். இரண்டே வரியில் மனு எழுதிக் கொடுத்தேன். ஹெட்கிளார்க் படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டார்.

"இதுல நயம் எங்கே ஓய்? துரை ரசிக்க வேண்டாமா?"

புதன்கிழமையும் நோட்டைப் புரட்டினார். கேங்மேன் வேலை முடிந்து வந்து வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம்தான் அந்த மேதைக்கு 'கோல்டு கம்ஃபர்ட்' அகப்பட்டது. ஆறுதல் என்று பேர், ஆனால் ஒரு ஆறுதலும் தராது என்று அர்த்தம். தாய் முகத்தைப் பார்க்காதவனுக்கு உத்தியோகம் வெறும் கோல்டு கம்ஃபர்ட் என்று ஒரு வரி சேர்த்தார். நான் நல்ல காகிதத்தில் நகல் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மனு உள்ளே போனது. துரை அதைப் படிக்கவே இல்லை. பியூன் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

கேங்மேனிடம் உத்தரவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஆத்தாளை நேத்தே எடுத்துட்டாங்களாமுங்க. காலையில ஆள் வந்து சொல்லுச்சுங்க. இனி எதுக்குங்க சாமி."

ஹெட்கிளார்க் தலை நிமிராமலே, "கருமாதிக்கு வெச்சுக்கச் சொல்லும்" என்றார். நோட்டில் 'ஹாட்' என்று புதுப் பக்கம் தொடங்கியிருந்தார்.

அற்பப் பதர் என்று அந்த ஆளை இன்றைக்கும் திட்டுகிறேன். ஆனால் வியாழக்கிழமை அந்த வரியை நகல் எடுத்தபோது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அவர் என்னைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.