நாலு விரல் பின்னால்

அந்த ஓட்டுநர் பள்ளியில் அவளுக்கு வைத்திருந்த பேர் மூணாங்கியர். வைத்தவர் அந்தப் பள்ளியை நடத்துகிறவர், அவள் கணவனின் அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரிடம் கார் கற்றுக்கொண்டபோது அவளுக்கு இரண்டாவது கியர் மட்டும் விழவே விழாது. பின்னால் இழுப்பாள், பாதியில் கை நின்றுவிடும், கியர் பெட்டி கரகரவென்று கத்தும். பக்கத்து இருக்கையில் மூத்தார் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

கூடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாவம். தன் கைதான் கோணல் என்று நம்பினாள். இரண்டு தடவை தேர்வில் தோற்றாள். மூன்றாவது தடவை முதல் கியரிலேயே வண்டியைக் கொஞ்சம் விரட்டி, இரண்டாவதைத் தாண்டி நேராக மூன்றாவதுக்குத் தள்ளி ஒப்பேற்றினாள். தேர்வு அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்த நேரம், தப்பித்தாள். உரிமம் வந்தது, கூடவே பேரும் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறமும் கார் சும்மா நிற்கிறபோதெல்லாம் இரண்டாவது கியரை இழுத்துப் பார்ப்பதை அவள் விடவில்லை.

பள்ளிக்கு இருந்தது ஒரே கார். அதில் இரண்டு இருக்கைக்கும் நடுவே மூத்தார் தன் கையால் பொருத்திய ஆர்ம்ரெஸ்ட் ஒன்று. கறுப்பு ரெக்ஸின், உள்ளே கெட்டிப் பஞ்சு. தூக்கி மடக்கவும் முடியாது. வாத்தியார் பக்கத்துக்கென்று தனியாக வைத்த பிரேக் எட்டுவதற்காக முன்னால் நகர்ந்து உட்காருகிற மனுஷருக்கு அதில் முழங்கையை ஊன்றிக்கொள்ளாவிட்டால் பாடமே வராது. "அது வாத்தியார் கைக்கு. கத்துக்க வந்தவங்க தொடக் கூடாது." இது அவர் சட்டம். அவருடைய பொருளென்று தெரிய வேண்டுமாம், ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், ஆபீஸ் கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றிலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவைப்பார். விட்டால் தம்பி பெண்டாட்டி நெற்றியிலும் இழுத்திருப்பார்.

ஏழு வருஷம் அந்த ஆபீஸில் போன் எடுத்தாள். பெண்களுக்குப் பெண்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமானபிறகு, வேறு வழியில்லாமல் அவளை வாத்தியார் இருக்கையில் உட்காரவைத்தார். அதுவும் மனசார இல்லை. இரண்டு வருஷத்தில் அவளிடம் கற்ற குட்டையான பெண்கள் எல்லோருமே இரண்டாவது கியரில்தான் தடுக்கி விழுந்தார்கள். குருவைப் போல சிஷ்யை என்று ஊரே சிரித்தது.

கடைசியாக வந்தவள் ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தால்தான் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். வியாழக்கிழமை மூன்றாவது தேர்வு. திங்கட்கிழமை மூத்தார் ஆபீஸில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"இதுவும் பெயிலாச்சுன்னா நீ மறுபடி போன் எடுக்கப் போயிடு, மூணாங்கியர். அந்த சீட்டுல நான் உக்காந்துக்கிறேன். என் பொண்ணைப் பாரு. உன்னைவிட ஒரு சாண் குள்ளம். ஒரே தடவையில பாஸ். அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினான். "அண்ணன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?" என்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த இருக்கை ஒன்றுதான் அந்தக் குடும்பத்தில் அவள் தானே சம்பாதித்த இடம். இப்போது அதுவும் போகப்போகிறது.

புதன்கிழமை மத்தியானம் பள்ளி மைதானத்தில் கடைசிப் பயிற்சி. நர்ஸ் இழுத்தாள், கியர் கத்தியது. மறுபடி இழுத்தாள், மறுபடி கத்தியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தவள், கண்ணைத் துடைக்கத் தூக்கிய கையைத் தானே பார்த்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. ரெண்டு மாசமா இந்தக் கன்றல் ஆறவே மாட்டேங்குது."

முழங்கைக்குச் சற்று மேலே, பின்பக்கம், நீலமாக இருந்தது. மூணாங்கியர் எட்டிப் பார்க்க, நர்ஸ் அவள் கையை ஊசி போடுகிற மாதிரி பிடித்துத் திருப்பினாள்.

"உங்களுக்கும் அதே இடத்துல காய்ச்சுப் போயிருக்கே!"

"அதுவா? போன் எடுக்கிறப்போ மேசையில ஊனி ஊனி வந்தது."

"மேசையில ஊனினா முழங்கை நுனியிலதான் காய்க்கும் அக்கா. இது மேல. எதுலயோ இடிச்சு இடிச்சு வந்தது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆர்ம்ரெஸ்டைப் பார்த்தார்கள். "எஞ்சினை நிறுத்து. இப்போ மெதுவா இழு" என்றாள் இவள். நர்ஸ் இழுத்தாள். கியர் பாதி தூரம் வந்தது, முழங்கை ஆர்ம்ரெஸ்டின் மூக்கில் டொக்கென்று இடித்து நின்றது. அவ்வளவுதான் விஷயம்! கால் நீளமான ஆண்கள் இருக்கையைப் பின்னால் தள்ளி உட்காருவார்கள், அவர்கள் கை அதற்கு மேலாகப் போய்விடும். கிளட்ச் எட்டாமல் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்ட ஒவ்வொருத்தியும் ஒன்பது வருஷமாக அதில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நர்ஸை அனுப்பிவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு இருக்கைக்கு அடியில் தலையை விட்டாள். துருப்பிடித்து இறுகியிருக்கும், எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்திருந்தாள். இரண்டு நட்டும் சொன்ன பேச்சுக் கேட்டுச் சுழன்றன. யாரோ ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தார்கள். ஆர்ம்ரெஸ்ட் அடியில் இருந்த இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. சரியாக நாலு விரல் தள்ளி, தண்டவாளத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு.

அவள் அப்படியே காரின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் மூன்று வாரம், மூத்தார் தன் மகளுக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். "வண்டிப் பக்கம் யாரும் வராதீங்க, பிள்ளைக்குக் கூச்சம்" என்று எல்லோரையும் துரத்தினார். கூச்சமாம், கூச்சம்! மகள் பாஸானாள். ஆர்ம்ரெஸ்ட் பழைய இடத்துக்குத் திரும்பியது.

கோட்டில் வைத்து நட்டை முறுக்கினாள். ஓட்டுகிற இருக்கையில் ஏறி, முதல் கியர் போட்டு, மைதானத்தில் நகர்த்தி, கையைப் பின்னால் இழுத்தாள். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷம் வருமென்று பார்த்தாள், வரவில்லை. மைதானத்தை இரண்டாவது கியரிலேயே ஆறு சுற்றுச் சுற்றினாள், வாய்விட்டுத் திட்டிக்கொண்டே.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் நர்ஸும் தேர்வுக்குப் போகிற இன்னும் நாலு பேரும் நின்றார்கள். தேர்வுக்குத் தானே கூட்டிப்போவதாக மூத்தார் வாத்தியார் இருக்கையில் ஏறி வழக்கம்போல முழங்கையை இறக்கினார். அது ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்தது, ஆளே ஒரு பக்கம் சாய்ந்தார்.

"எவ கை வச்சது இதுல?"

"நான்தான் மாமா."

"வண்டி ஓட்டத் துப்பில்ல, வண்டியைக் குறை சொல்ல வந்துட்டா! எடு ஸ்பேனரை! பழையபடி வை!"

"கூடம் கோணல்தான் மாமா" என்றாள். "நானா ஒரு இடம் பார்த்து வைக்கல. நீங்க சிவப்புக் கோடு போட்ட இடத்துலதான் வச்சிருக்கேன். உங்க பொண்ணு கத்துக்கிட்டப்போ இருந்த இடம்."

மூத்தார் வாசலில் நின்ற ஐந்து பேரையும் பார்த்தார். முழங்கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். டீ கிளாஸோடு வந்த அவள் கணவன், "என்ன கோடு? என்னண்ணே?" என்றான்.

"இறங்குங்க மாமா. அது என் சீட்டு."

இறங்கினார். நர்ஸ் ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார்ந்து தேர்வு மைதானத்துக்குப் போனார்கள். அங்கே முதல், இரண்டாவது, மூன்றாவது என்று படிப்படியாகப் போட்டு நர்ஸ் பாஸானாள். திரும்பி வந்ததும் இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற மூத்தார் அதைப் பார்க்காத மாதிரி கையை நீட்டினார்.

"ஸ்பேனரைக் கொடு. என்னோடது."

"தெரியும். கோடு போட்டிருக்கு" என்றாள் அவள். "ஆனா இனிமே அது என் பையிலதான் இருக்கும்."