மரக்காணத்தில் இரண்டாவது மைல்

சென்ற ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பத்துக்குச் செங்கல்பட்டில் திண்டிவனம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய், ஜன்னலோர இருக்கை. ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் அல்ல இது. மரக்காணத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் தங்கை எஸ்தருக்குப் புத்தி சொல்லக் கிளம்பினேன்.

முந்தின நாள் மாலை தனபால் என்று ஒருவர் போன் செய்தார். அங்கே ஓர் உப்பளத்தில் மேஸ்திரி. எஸ்தர் தினமும் காலையும் மாலையும் அவருடைய ஆட்கள் பன்னிரண்டு பெண்களை ஏற்றி இறக்குகிறாள். அவள் பிழைப்பில் பாதி அந்த ஓட்டம்தான்.

"சார், உங்க தங்கச்சி நல்ல பொண்ணு. எது சொன்னாலும் தட்டாது. இந்த விஷயத்துல மட்டும் புடிவாதம் பண்ணுது. அண்ணன் நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். பத்து நாளுக்கு முன் பச்சையம்மா என்ற தொழிலாளி உப்புக்கூடையோடு வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். எஸ்தர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். உப்பளத்துக்குள் விழுந்தாள் என்றால் வைத்தியச் செலவும் வேலை இழந்த நாட்களின் கூலியும் முதலாளி தலையில் விழும். அதனால், வெளியே தார் ரோட்டில் ஆட்டோவுக்கு நின்றபோது தானாகத் தடுக்கி விழுந்தாள் என்று எஸ்தர் சொல்ல வேண்டும். செவ்வாய் பதினொரு மணிக்குத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் உப்பளத்துக்கே வந்து விசாரிக்கிறார். சொல்லாவிட்டால் புதன்கிழமையிலிருந்து பன்னிரண்டு பெண்களும் வேறு வண்டியில் போவார்கள்.

"போய் நாலு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டு வாங்க. ஊரோட ஒத்து வாழணும் இல்ல?" என்றாள் என் மனைவி. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாக எழுத்தர் நான். ஐந்து தலைமை ஆசிரியர்களைப் பார்த்துவிட்டேன், ஒருவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவனும் நானே. குரல் கணீரென்று இருக்கிறது என்று சபையில் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை.

ஏழு மணிக்குத் திண்டிவனம். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. ஏழு இருபதுக்கு மரக்காணம் டவுன் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் இருந்தாலும் ஊர் ஊராக நின்று போவதால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது. பெருமுக்கல் மலை இடப்பக்கம் வந்து, மேலே கோயில் தெரிந்து, பின்னால் போயிற்று. பிரம்மதேசம் தாண்டியதும் காற்றில் ஈரமும் உப்பும் ஏறின, சட்டைக் காலர் கழுத்தில் ஒட்ட ஆரம்பித்தது.

பக்கத்தில் ஒரு பாய் இருந்தார். மரக்காணம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறாராம். மடியில் ஒரு பெரிய பார்சல்.

"மரக்காணத்துல யார் வூட்டுக்கு சார்?"

"என் தங்கச்சி வீட்டுக்கு. எஸ்தர்னு பேரு, ஆட்டோ ஓட்டுது."

"அட, ரெண்டு மைல் எஸ்தரா! அத மொதல்லயே சொல்ல வேணாமா?" என்று பார்சலை நகர்த்தி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார். "யாராச்சும் மெரட்டி ஓசியில ஏறினா, அவங்க கேட்ட எடத்த தாண்டி இன்னொரு மைல் கொண்டுபோய் வுடும் சார். கேட்டா எங்க வேதத்துல அப்பிடித்தான் எழுதியிருக்குதுன்னு சொல்லும். மொதல்ல நாங்க சிரிச்சோம்."

"இப்ப?"

"இப்ப ஓசியில ஏற அவனவனுக்குக் கூச்சமா இருக்குது" என்று அவர் இப்போதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைப் பிரசங்கத்தின் அந்தப் பகுதியை நான் எத்தனை ஞாயிறு வாசித்திருப்பேன்! ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண் அதை அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஊருக்குள் ஓட்டிக்கொண்டு திரிகிறாள் என்று கேட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது.

எட்டு நாற்பதுக்கு மரக்காணம் பேருந்து நிலையத்தில் எஸ்தர் நின்றிருந்தாள். நாற்பத்து நான்கு வயது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, முகம் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. அவள் கணவர் கொத்தனார். வார நாட்களில் புதுச்சேரியில் வேலை.

"இன்னாண்ணா, இளைச்சுட்ட?" என்று என் பையை வாங்கினாள். அதற்குள் போன். தனபால்தான். பத்துத் தண்ணீர் கேன்களை உப்பளத்து ஷெட்டில் போட வேண்டுமாம். வாடகைப் பேச்சே இல்லை, எப்போதும் கிடையாதாம். "சரிங்கண்ணே" என்றாள். கேன்களைத் தூக்கி வைக்க நானும் கை கொடுத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை, மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே தூக்கினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மூன்று கிலோமீட்டர், பிறகு இடப்பக்கம் மண் பாதை. இரு பக்கமும் பாத்திகள், கண் கூசும் வெள்ளை. வரப்போரம் உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். ஒரு மரம் கிடையாது. ஷெட் வந்ததும் எஸ்தர் ஆறு கேன்களை இறக்கினாள். மிச்சம் நான்கோடு வண்டியை மறுபடி கிளப்பினாள்.

"ஷெட்லதான போடச் சொன்னாரு?"

"அவரு சொன்னது அங்க முடிஞ்சிபோச்சு. தண்ணி குடிக்கறவங்க அதோ அங்க இருக்காங்க. இந்த வெயில்ல ஒரு வாய் தண்ணிக்கு ஷெட்டு வரைக்கும் நடக்கணும்."

ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். வாரிய உப்பைக் கூடையில் சுமந்துகொண்டிருந்த பெண்கள் வண்டியைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டு வந்தார்கள். வயிறு முட்டக் குடித்தார்கள், முகத்திலும் அடித்துக்கொண்டார்கள். எஸ்தர் அவர்களைக் கேலி செய்துகொண்டே கேன்களைச் சாய்த்துப் பிடித்தாள். நான் ஆட்டோவின் நிழலில் நின்று கர்சீப்பால் விசிறிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். "ஏம்மா, ஊரே உன்னை ஏய்க்குது. உனக்கு இது தெரியலையா?"

"தெரியாம இருக்குமாண்ணா? மொதல்ல எல்லாம் வண்டி ஓட்டிக்கினே திட்டுவேன், அழுவேன். ராத்திரி படுத்தாலும் தனபால் அண்ணன் மூஞ்சிதான் வரும். அப்பறம் ஒரு நாள் சபையில அந்த வசனத்தக் கேட்டேன். ஒருத்தன் ஒரு மைல் வான்னு கட்டாயப்படுத்தினா ரெண்டு மைல் போன்னு. சரி, செஞ்சுதான் பாப்போமேன்னு செஞ்சேன்." ஒரு பள்ளத்தில் வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினாள். "மொத மைல் அவரு சொல்லி ஓடுது. ரெண்டாவது மைல் நானா ஓட்டறேன். அங்க எனக்கு மேல ஆண்டவரத் தவிர ஒருத்தரும் கெடையாது. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேண்ணா."

இதுதான் சமயம் என்று நான் பிடித்துக்கொண்டேன். "அப்படி ரெண்டு மைல் போறவ, மேஸ்திரிக்காக ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஆனால் அந்தப் பார்வையை என்னால் சமாளிக்க முடியவில்லை.

"மைல் என்னுது, யாருக்கு வேணா குடுப்பேன். இது பச்சையம்மாவோட கை. அத நான் எப்பிடிண்ணா எடுத்துக் குடுக்கறது? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்குது. அதுவும் அதே பிரசங்கத்துலதான இருக்குது?"

அதையும் நான் வாசித்திருக்கிறேன்.

ஷெட்டில் காத்திருந்தோம். பதினொன்றே காலுக்கு ஜீப் வந்தது. விசாரணைக்கு வந்த அம்மாளுக்கு ஷெட்டில் நாற்காலி போட்டார்கள். தனபால் அதே ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வழிகாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை முதுகில் ஈரம். பச்சையம்மா கையில் மாவுக்கட்டோடு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தான் உள்ளே விழுந்ததாக அவள் ஏற்கனவே சொல்லிவிட்டாள், மற்ற பெண்களில் யாரும் வாய் திறக்கவில்லை. வெளியாள் சாட்சி எஸ்தர் ஒருத்திதான்.

"எஸ்தர் எங்க பொண்ணு மேடம். உள்ளத சொல்லும்" என்றார் தனபால். என்னைப் பார்த்துத் தலையையும் அசைத்தார். நான் குனிந்துகொண்டேன்.

"ரோட்டுல விழலைங்க மேடம்" என்றாள் எஸ்தர். "உள்ள, மூணாவது பாத்தி வரப்புலதான் கெடந்தாங்க. கூடை பக்கத்துல கவுந்து கெடந்துச்சு. நான்தான் தூக்கினு வந்தேன்."

பச்சையம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விழுந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

பச்சையம்மா நிமிர்ந்தாள். ஆமாம் என்று ஒரு சொல், வழக்கு கெட்டிப்படும். எனக்கே அந்தச் சொல் தொண்டை வரை வந்தது.

"இல்லைங்க. விழறத பாக்கல, விழுந்து கெடந்தத பாத்தேன். வரப்புல வழுக்கின தடம் இருந்துச்சு, அதயும் பாத்தேன். பாத்தத மட்டும் எழுதிக்குங்க."

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு எழுதினார். எஸ்தர் காகிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்து, ஒரு இடத்தில் பாத்தி எண்ணைத் திருத்தச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். எங்கள் அலுவலகத்தில் நீட்டிய தாளில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுபவன் நான்.

ஜீப் திண்டிவனம் பக்கம் போயிற்று. அது மண் பாதையைத் தாண்டும் வரை தனபால் பொறுத்திருந்தார்.

"நாளையிலேர்ந்து உன் வண்டி வேணாம்."

"சரிங்கண்ணே."

"முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்னு யோசிச்சியா நீ?" அவர் குரல் நடுங்கியது. அதுவரை அவரை ஒரு ரவுடி என்று எண்ணியிருந்தேன். இவரும் என்னைப் போல ஒருவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளுகிறவர் என்று அப்போதுதான் புரிந்தது.

"யோசிச்சேண்ணே. உங்களுக்காக ஜெபமும் பண்ணேன்." எஸ்தர் வண்டியைக் கிளப்பினாள். "இப்ப எப்பிடிப் போவீங்க? ஏறுங்க."

உச்சி வெயில். மெயின் ரோட்டுக்கே ஒரு கிலோமீட்டர். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேருந்து நிலையத்திலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றார். "வெயிலுண்ணே" என்று எஸ்தர் அவர் தெருவுக்குள்ளேயே ஓட்டி, வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவர் இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். தன் சவாரிக்கு அவர் பணம் கொடுத்து அவள் பார்த்ததே இல்லையாம்.

"ரேட்டு பதினஞ்சுதாண்ணே" என்று ஐந்து ரூபாய்க் காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒன்றரை மணிக்கு அவள் வீட்டில் சங்கரா மீன் குழம்பும் சோறும் போட்டாள். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு என்னம்மா பண்ணுவ?"

"ஸ்டாண்டுல நிப்பேன். ஜனங்க வரும். வரலன்னா அப்ப அழுதுக்கறேன். இன்னிக்கே எதுக்குண்ணா அழணும்?"

அந்த நேரத்தில் எனக்கு உண்டான பெருமையை மறைக்க விரும்பவில்லை. பெருமை பாவம் என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள், சொல்லட்டும். விடுதலை, விடுதலை என்று பாட்டுப் பாடுகிறோம். வேதத்துக்குக் கீழ்ப்படிந்தால் கை கால் கட்டிப்போகும் என்று உள்ளூரப் பயந்து, வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கட்டுண்டவர்கள் தனபாலும் நானும்தான். வேதத்துக்குக் கீழ்ப்படிந்தவள் எங்கள் முன்னால் சோற்றைப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்று பத்துக்குத் திண்டிவனம் பஸ். எஸ்தர் ஜன்னல் வழியே ஒரு பொட்டலம் கருவாட்டைத் திணித்துவிட்டு, புதுச்சேரி வண்டியில் வந்து இறங்கிய சவாரியைப் பிடிக்க ஓடினாள். பேருந்து நிரம்பி வழிந்தது. உப்பளங்கள் வரிசையாகப் பின்னால் போகத் தொடங்கியபோது மனைவி போன் செய்தாள். சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, நான் கத்த வேண்டியிருந்தது.

"என்னங்க, சொன்னீங்களா? ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கல!"

"ஐயையோ. நீங்க எடுத்துச் சொல்லியுமா?"

"ஒத்துக்கவே மாட்டா! அவ என் கூடப்பொறந்த தங்கச்சி!"

பேருந்தில் முன்னும் பின்னும் தலைகள் திரும்பின. வழக்கமாக இப்படி நாலு பேர் பார்த்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்பவன் நான். அன்று தாழ்த்தவில்லை. சரியாகக் கேட்கவில்லை என்று மனைவி சொன்னதும், இன்னொரு முறையும் உரக்கச் சொன்னேன்.