குதிரைக்கு வந்த பலகாரத் தட்டுகள்

குதிரையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் என் பெயரைச் சொல்லவே நாக்கு எழாது. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். போன குளிர்காலம் எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம் "போச்சு" என்று மட்டும்தான் சொல்ல வருகிறது. எழுதிப் பார்த்தால் மிச்சமும் வருமா என்று பார்க்கிறேன்.

எங்களிடம் ஒரு குதிரை இருக்கிறது. வெள்ளைப் பெண்குதிரை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கொட்டிலில் நிற்கிறது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நடப்பது அதன் வேலை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பது என் வேலை. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது. பேண்டு முழங்கும், எல்லோரும் ஆடுவார்கள், எல்லோர் கண்ணும் குதிரைமேல் இருக்கும். "அண்ணா, கொஞ்சம் அந்தாண்ட போங்க, போட்டோல நீங்க வர்றீங்க" என்று கேமராக்காரர் கத்துவார். நான் சந்தோஷமாக அந்தப் பக்கம் போய்விடுவேன்.

மார்கழியில் இந்துக்கள் வீட்டில் கல்யாணம் வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் சர்ச்சிலும் இல்லை. ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல்வரை குதிரைக்கு லீவு. காலையில் பனி இறங்கி, தகரத்திலிருந்து சொட்டும். குதிரை முதுகில் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டு, வழக்கமான அளவு கொள்ளு அவித்து வைப்பேன். வேலை இல்லாத மாதத்தில் கொள்ளைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேலை செய்யாததற்குத் தண்டனை மாதிரி இருக்குமே என்று குறைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். கல்கல், ரோஸ் குக்கி, அதிரசம், கேக். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு தட்டு வரும். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று குதிரைக்கு. யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது. எதிர்வீட்டு ஆன்ட்டி குதிரையின் தட்டின்மேல் சரிகை ஓரம் வைத்த கைக்குட்டையைப் போட்டு மூடிக் கொண்டுவருவார். "முதல்ல அவளுக்குக் குடுங்க, அப்புறம் நீங்க சாப்பிடுங்க" என்பார். பண்டிகையன்று சர்ச் விட்டு வந்தவர்கள் புதுத்துணியோடு கொட்டிலுக்கு முன்னால் நின்று ஊட்டினார்கள். குதிரை அவர்கள் உள்ளங்கையை நக்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நம் வீட்டுப் பிராணிக்குத் தெருவில் இவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். போன கிறிஸ்துமஸில் தட்டுகள் அதிகம். புதிதாகக் குடிவந்த வீடுகளும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தபோது குதிரை விநோதமாக நின்றது. முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னால் போட்டிருந்தது. நாற்காலியில் உட்காரப் போகிற ஆள் மாதிரி. குளம்பைத் தொட்டால் கொதித்தது. கயிற்றை இழுத்தேன். ஓர் அடி வைத்துவிட்டு நின்றது. காதுகள் பின்னால் போயின.

குதிரை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். கன்னடக்கார அம்மா, எங்களிடம் தமிழில் பேசுவார். காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் குளம்பை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் குதிரை காலை உதறியது.

"என்ன குடுத்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள். "என்ன குடுக்கல மேடம்? கேக்கு குடுத்தாங்க, அதிரசம் குடுத்தாங்க. ஒயின் மட்டும்தான் பாக்கி."

டாக்டர் சிரிக்கவில்லை. "வேலை இல்லாம நிக்குது. மேல கொள்ளு, அதுக்கு மேல ஸ்வீட்டு. எல்லாம் குளம்புல போய் நிக்கும். குளம்புக்கு உள்ள எலும்பு இருக்கு இல்லையா, அதைப் பிடிச்சிருக்கிற சதை வீங்கிப் போச்சு. சதை விட்டுக்குடுத்தா எலும்பு கீழ இறங்கும். அப்படி ஆனா..." என்று நிறுத்தி, "ஆகாம பாத்துக்கணும்" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லாடங்களைக் கழற்றினோம். கொள்ளு நின்றது. ராகிப் புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அதை மட்டும் கொடுக்கச் சொன்னார். முதல் சில நாட்கள் முன்னங்கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் வாங்கி வாளிகளில் போட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தேன். குதிரை எடுத்துவிடாமல் இருக்க நானும் கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் டிசம்பர்க் குளிரில் கை கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். அதன்பிறகு கஷ்டமில்லை. வலியும் இல்லை, சூடும் இல்லை. குளம்பு எது, என் விரல் எது என்றுகூடத் தெரியாது. அந்த நாட்களில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

குளம்புக்கு அடியில் மெத்தென்று ஏதாவது கட்ட வேண்டும், தெர்மாகோல் இருந்தால் போதும் என்றார் டாக்டர். வீட்டில் இருந்த தெர்மாகோல் எல்லாம் கிறிஸ்துமஸ் குடிலின் மலைகளாக இருந்தது. மனைவி குழந்தை இயேசுவையும் மாட்டையும் கழுதையையும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு மலையை அறுத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. குளம்பு அளவுக்கு வெட்டி, டேப் சுற்றிக் கட்டினோம். பாரத்தில் அமுங்கிப்போகும், மறுபடி வெட்டிக் கட்டுவோம். குடில் முழுவதும் அப்படியே தீர்ந்தது.

புத்தாண்டுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி மறுபடி தட்டோடு வந்தார். பலகாரத்தால் வந்த வினை என்று அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. கேட்டால் மனசு உடைந்துபோவார். "பாவம், உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். தெம்பா இருக்கட்டும்னு நெய் ஜாஸ்தி ஊத்திச் செஞ்சேன்" என்றார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் மனைவி தட்டை என் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க."

"இவ்வளவையுமா?"

"உங்க மகாராணி பங்கு. நீங்கதானே வாங்கினீங்க? தின்னுட்டு நீங்களும் காலை நீட்டிக்கிட்டு நில்லுங்க. உங்களுக்கும் தெர்மாகோல் கட்டுறேன்."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

தை முதல் முகூர்த்தத்துக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். வர முடியாது என்று போனில் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பேசியபோது மாப்பிள்ளையின் மாமா எடுத்தார்.

"குதிரைக்குக் கால் வலியா? சரி, கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்ல?"

"இல்லீங்க."

"மெதுவா நடக்கட்டும்யா, நாங்க என்ன ரேஸா விடுறோம்?"

"நொண்டுதுங்க."

அந்தச் சொல் வேலை செய்தது. நொண்டிக் குதிரையில் மாப்பிள்ளை வந்தால் அபசகுனம். "ஐயையோ வேணாம், வேணாம்" என்று போனை வைத்துவிட்டார். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வீட்டார் தாங்களாகவே வேண்டாம் என்றார்கள். கல்யாணத் தொழிலில் ஒரு குதிரை நொண்டுகிறது என்கிற செய்தி குதிரையைவிட வேகமாக ஓடும்.

நடுவில் ஒரு வாரம் நன்றாக இருந்தது. குளம்புச் சூடு குறைந்தது. குதிரை கொட்டிலுக்குள் தானாகத் திரும்பியது; என்னைப் பார்த்துக் கனைத்தது. டாக்டர் கொட்டிலைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானும் எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. கதவைத் திறந்து வைத்துப் புல்லை அள்ளிக்கொண்டிருந்தேன். குதிரை என் பின்னாலேயே வந்தது. தடுக்கவில்லை. தெருமுனைவரை நடந்தோம். தார் ரோட்டில் லாடமில்லாத குளம்பு சத்தமே இல்லாமல் பட்டது. திரும்பி வந்தபோது எனக்கு லேசாக இருந்தது. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசக்கூடச் செய்தேன்.

அடுத்த நாள் குதிரை படுத்துவிட்டது. எழுப்பினால் முனகியது.

டாக்டர் எக்ஸ்ரே எடுப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். லேப்டாப்பில் குளம்பு கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளே ஆப்பு மாதிரி ஓர் எலும்பு. அதன் முனை கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. "நிறைய இறங்கல" என்றார். "நிறைய இறங்கியிருந்தா இன்னிக்கே வேற மாதிரி பேசியிருப்பேன். நாலஞ்சு மாசத்துல நடக்கும். மெத்து மெத்துன்னு மண்ணு இருந்தா நல்லா நடக்கும். ஆனா இனிமே முதுகுல யாரும் ஏறக் கூடாது. மாப்பிள்ளை இல்ல, குழந்தைகூட ஏறக் கூடாது."

ஆள் ஏறாத கல்யாணக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் இருந்த ஒரே சம்பாத்தியம் அதுதான். மனைவி எக்ஸ்ரேவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டருக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

ஊர்வலக் குதிரைகள் பல வைத்திருக்கும் ஒருவர் மாகடி ரோடு பக்கம் இருக்கிறார். தொழிலில் பழக்கமானவர். செய்தி அவருக்கும் போயிருந்தது. ஒரு சாயங்காலம் குதிரை ஏற்றும் வண்டியோடே வந்துவிட்டார். வண்டியைத் தெருவில் நிறுத்தி, பின்கதவை இறக்கிச் சாய்வுப் பலகை போட்டுவிட்டுத்தான் கொட்டிலுக்குள் வந்தார்.

"அண்ணா, இதை வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க? எங்கிட்ட விடுங்க. ஊர்வலத்துக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டா வலி தெரியாது. இந்த சீசன் ஓடிடும்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னண்ணா, அப்புறம் அடுத்த குதிரை." அவர் குதிரையின் கழுத்தைத் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. தட்டுகிற விதத்தில் தெரிந்தது. "நல்ல நிறம். இப்படி வெள்ளை இப்ப கிடைக்கறதே இல்ல."

கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். குதிரை அவர் பின்னால் ஓர் அடி வைத்தது. வலியோடுதான் வைத்தது. இழுத்தால் நடக்கும், நடக்கத்தான் பழக்கியிருக்கிறேன்.

"வேணாம்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது நான் சத்தமாகச் சொல்லவில்லை. கயிற்றின் நடுவில் கையை வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னண்ணா?"

"வேணாம்."

"என்ன சொல்றாரு?" என்று அவர் வாசலில் நின்ற என் மனைவியிடம் கேட்டார்.

"வேணாங்கறாரு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவர் வாயிலேருந்து அந்த வார்த்தைய நானே இப்பதான் கேக்கறேன். நீங்க குடுத்து வெச்சவரு. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் டீ குடித்தார். பலகையைத் தூக்கிக் கதவைச் சாத்தினார். "யோசிங்கண்ணா, நிக்கிற குதிரைக்கும் தீனி வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சரிதான். அவர் போனபிறகு குதிரையை மறுபடி கட்டிவிட்டு, புல்லைத் தண்ணீரில் போட்டேன். நல்ல காரியம் செய்த உணர்வு எதுவும் வரவில்லை. குதிரைக்கும் ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன் வேணும்னு அன்னிக்கு யாரோ சொன்னாங்களே, அது இருக்கா?"

"இருக்கும்."

"கேளுங்க."

"கேக்கறேன்."

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். வேலை இருந்தது. நீலச் சட்டை கொடுத்தார்கள். கழுத்தில் கொஞ்சம் இறுக்கம். கார்களை வரிசையாக நிறுத்தச் சொல்லி நிற்க வேண்டும். சாயங்காலம் ஒரு ஊர்வலம் வந்தது. மாப்பிள்ளை ஜீப்பில் வந்தார். கேட்டைத் திறந்துவிட்டேன்.